ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்

பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கட்டடங்களால் ஒரு தொல்லையும் கிடையாது; அதுகள் பாட்டுக்கு நிற்கும், ஒழுகும், வாயைத் திறக்காது. உயிரை வாங்குவதெல்லாம் அதற்குள் குடியிருக்கும் மனிதர்களும், வெளியே நின்று கருத்துச் சொல்லும் எங்களைப் போன்றவர்களும்தான். கோயில் கமிட்டியிலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ, அடுக்குமாடி நிர்வாகத்திலோ சம்பளமில்லாமல் ஒரு நாற்காலியைத் தேய்த்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் போங்கள். நடுவில் ஒரு மனிதர் தன் வீட்டுக்குத் திரும்புவாரா மாட்டாரா என்பது என் முட்டாள்தனத்தில் மாட்டிக்கொண்டது. அதற்கு மட்டும் என்னைத் திட்டிவிட்டுச் சிரியுங்கள்.

என்னைப் பிடித்த கதை

மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்கள், பழைய கடை வீடுகள், கோயில்கள், ஒரு தேவாலயம் என்று கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் யாராவது கை வைக்க வேண்டுமானால் மனுப் போட வேண்டும். அந்த மனுக்களைப் படித்து ஆலோசனை சொல்ல ஒரு தன்னார்வக் குழு. தலைவர் துவான் ஹாஷிம், ஓய்வு பெற்ற நில அளவையாளர். மலாயில் ஆணுக்குத் துவான், பெண்ணுக்குப் புவான், அதுதான் மரியாதை. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடுப்பில் சம்பல், மெஷினில் துணி, மேசையில் என் வீட்டுக்காரரின் பூப்பெட்டிகளுக்கு ஒட்ட வேண்டிய லேபிள்கள். அவருக்குத் திரிங்காப்பில் செவ்வந்தித் தோட்டம். தோட்டம் அவருடையது, லேபிள் என்னுடையது. "புவான், உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், மலாய் நன்றாக வரும், பகலில் வீட்டில் சும்மாதான் இருக்கிறீர்கள்" என்றார் துவான். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கான்வென்டில் படித்தவள்.

குழுவின் வேதம் ஒரே வரி: கட்டடத்தில் அசலாக இருப்பதைத் தொடக் கூடாது, பிற்காலத்தில் ஒட்டியதை வேண்டுமானால் மாற்றலாம். இவ்வளவுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, மத்தியானம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "தாராளமா போய்ட்டு வா. இங்க என்னைத் திருத்துற நேரத்துல ரெண்டு மணி நேரம் ஊரைத் திருத்து."

உண்மையைவிட உண்மை

எங்கள் மலையில் பெட்ரோல் கடையிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் எல்லாம் வெள்ளைச் சுவரில் கறுப்புப் பலகை ஒட்டிக்கொண்டு தன்னை இங்கிலாந்து என்று சொல்லிக்கொள்ளும். நூற்றுக்கு ஒன்று நிஜமாகவே பழசு. அப்படி ஒரு நிஜ பங்களாவை ஹோட்டலாக நடத்தும் முதலாளி முதல் கூட்டத்திலேயே வந்தார். கரையான் அரித்துவிட்டது, பலகைகளை மாற்ற வேண்டும் என்று மனு. சரி, எந்த மரம் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக்! பின்பக்கம் பசை, முன்பக்கம் அச்சடித்த மரக்கோடுகள். கரையான் ஓட்டைகூட அச்சில் இருந்தது.

எங்கள் குழுவில் மிஸ் லிம் என்று ஒரு கட்டடக் கலைஞர். கோலாலம்பூரிலிருந்து மாதா மாதம் மலை ஏறி வருவார், வளைவுகளில் தலை சுற்றிக் கொஞ்சம் வெளுத்துப்போய்த்தான் வந்து உட்காருவார். அந்தத் துண்டைப் பார்த்ததும் இன்னும் வெளுத்தார். "ஐயா, உங்களிடம் அசல் மரம் இருக்கிறதே, அரிக்காத பகுதியை வைத்துக்கொண்டு மிச்சத்தை மரத்தாலேயே சரிசெய்யலாமே" என்று பொறுமையாக விளக்கினார். பொறுமை என்னிடம் இல்லாததால் நான் நேராகவே கேட்டேன், உங்கள் வீட்டுக்காரம்மா பல்லு கட்டினால் பிளாஸ்டிக்கில் கறை போட்டுக் கட்டுவாரா என்று. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டைப் பாசத்தோடு தடவிக்கொண்டு சொன்னார்: "மேடம், டூரிஸ்ட்டு வந்து அசல் பலகையைத் தட்டிப் பார்த்துட்டு, இது டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டுப் போறான் லா. இதைத்தான் அசல்னு நம்புறான்."

பழுக்காத பழம்

கியா பார்ம் ஊரில் சேகர் என்று ஒருவர் பழைய கல் கட்டடம் ஒன்றை வாங்கி ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கிறார். கூரை மேல், நாலு பேர் ஏறிப் போகும் காடி அளவுக்கு ஒரு ஸ்ட்ராபெரி வைக்க அனுமதி கேட்டார். வரைபடத்தில் கட்டடம் சின்னதாகவும் பழம் பெரியதாகவும் இருந்தது. பழத்துக்குக் கீழே யாரோ கட்டடத்தை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல.

மனுவைத் திருப்பி அனுப்பினோம். காரணம் எழுத வேண்டுமே, "புதிதாகச் சேர்ப்பது பழைய கூரையின் பச்சை நிறத்திலிருந்து துருத்திக்கொண்டு தெரியக் கூடாது" என்று நான்தான் எழுதினேன். மறு மாதம் சேகர் புன்னகையோடு வந்து உட்கார்ந்தார். மறுபடியும் அதே பழம், அதே அளவு. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, ஏதோ எங்களுக்கு உபகாரம் செய்பவர்போலச் சொன்னார்: "செவப்புதானே மேடம் ஒங்களுக்குப் பிரச்சன? பழுக்காத ஸ்ட்ராபெரியா வச்சிடுறேன், பச்சையாவே இருக்கும்."

ஆத்தா உத்தரவு

இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. நான் வேதக்காரி. எஸ்டேட் பக்கம் ஒரு பழைய மாரியம்மன் கோயில். கல் தரை அத்தனை அழகு. காலில் பட்டால் குளிர்ச்சி உச்சிக்கு ஏறும். அதன் மேல் பளபளவென்று டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று கோயில் தலைவர் மனு கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "மேடம், நீங்க வேதக்காரவுங்க, ஒங்களுக்குப் புரியாது. பூக்கட்டிப் பாத்தாச்சு. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியாதா என்ன? எஸ்டேட்டில் பிறந்தவள்தானே. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, சாமி முன்னால் போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. ஆத்தாவே சொன்ன பிறகு குழு என்ன சொல்ல முடியும்? துவான் ஹாஷிம் மிக மரியாதையாக, "ஒரே தடவையில் வந்துவிட்டதா?" என்று விசாரித்தார். ஆர்வத்தில்தான் கேட்டார், பாவம். கோயில் தலைவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் நெளிந்தார், கூரையைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "இல்ல துவான், மூணு தடவ போட்டோம். மொத ரெண்டு தடவயும் ஆத்தா ஒங்க பக்கம் பேசிட்டா."

லயத்துக்கு ஒரு பலகை

இங்கேதான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஒரு வருஷம் போனதும் எனக்கு ஒரு கோபம் வந்தது. பட்டியலைப் புரட்டினால் எல்லாம் துரை பங்களா, மேனேஜர் பங்களா, துரைமார் கிளப். தேயிலை கிள்ளினவர்கள் இருந்த இடம் எங்கே? தானா ராத்தா ஊருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட பழைய தொழிலாளர் லயம் ஒன்று அப்படியே நிற்கிறது. வேலை ஓய்ந்தபோது அதில் குடியிருந்தவர்களுக்கே எஸ்டேட் எழுதிக் கொடுத்துவிட்டது. அதைப் பட்டியலில் சேர்த்தே தீருவது என்று கிளம்பினேன்.

ஒரு நாள் பூராவும் லயத்தைச் சுற்றிச் சுற்றிக் குறிப்பெடுத்தேன். தகரக் கூரை, மரச் சன்னல், கடைசி வீட்டில் புகை ஏறிக் கறுத்த செங்கல் அடுப்படி, பின்னால் முப்பது அடி தள்ளித் தனியாக நிற்கும் கக்கூஸ் வரிசை. எல்லாவற்றையும் அசல் என்று எழுதி, "வீட்டிலிருந்து விலகி நிற்கும் கழிவறைகள் இந்த வாழ்க்கை முறையின் பிரிக்க முடியாத அடையாளம், எக்காலத்திலும் மாற்றக் கூடாது" என்று முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருக்கும். கான்வென்டில் சிஸ்டர் பார்த்திருந்தால் வகுப்பில் வாசித்துக் காட்டியிருப்பார். இதையெல்லாம் எழுதினவள் யார்? எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய கிராணியின் மகள். எங்கள் கிராணி வீட்டில் எல்லாம் உள்ளேயே இருந்தது.

பட்டியலில் ஏறி, வாசலில் பித்தளைப் பலகை அடித்த அன்று லயத்தில் ஒரே கொண்டாட்டம். கேசரி கிளறினார்கள். கடைசி வீட்டு அஞ்சலை அக்கா, நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை, பலகையை முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் அவர் கணவர் முனியாண்டி அண்ணன், தேயிலைத் தொழிற்சாலையில் சூளை பார்த்தவர், இரண்டு காலில் நிமிர்ந்து நின்று படத்துக்குச் சிரித்தார். அக்கா சொன்னார்: "அப்ப இனிமே தொர பங்களாவும் நாங்களும் ஒண்ணுங்கிறீங்க. சரி மா, தொரைக்கு மட்டும் மழையில நனையாம கக்கூஸ் போகத் தெரிஞ்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஒன்பதாம் மாடி

ஏழு மாதம் கழித்து அஞ்சலை அக்கா என் அடுப்படி வாசலில் நின்றார், கையில் மனுப் பாரம். முனியாண்டி அண்ணனுக்குச் சர்க்கரை. ஒரு புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இப்போது ஈப்போவில் மகள் கமலா வீட்டில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். கமலா தங்கமான பிள்ளை, ஆனால் கண்டிப்பு. அப்பா ஒற்றைக் காலோடு மழையிலும் பனியிலும் முப்பது அடி சறுக்கு மண்ணில் கக்கூஸ் போகக் கூடாது. வீட்டுக்குள் கட்டினால் அனுப்புகிறேன், இல்லையென்றால் அம்மாவையும் இங்கே கூட்டி வந்துவிட்டு வீட்டைப் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். பள்ளி விடுமுறை முடிவதுதான் கெடு. அவள் சொன்னது நியாயம்தான்.

"மனுசன் அங்க என்னக்கா செய்றாரு?" என்று கேட்டேன். "சன்னல் பக்கமே ஒக்காந்திருக்காரு. மலை தெரியுதான்னு பாக்குறாராம். எதுத்தாப்ல இன்னொரு பிளாட்டுதான் தெரியுது. சோறு எறங்கல மா." அடுப்படிப் பின்சுவரை இடித்து, அங்கே ஒட்டினாற்போல் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும், வேறு இடம் கிடையாது, முன்பக்கம் படி, ஒரு பக்கம் அடுத்த வீடு, மறுபக்கம் பள்ளம். இவ்வளவுதான் மனு. நான் பாரத்தை வாங்கினேன். படித்ததும் மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று அக்காவுக்குத் தெரியாது, அவர் பாட்டுக்கு என்னைச் சமாதானப்படுத்தினார்: "பயப்படாதீங்க மா, நம்ம லயத்துக்கு அவ்ளோ பாடுபட்ட புள்ளையாச்சே நீங்க, ஒங்க கமிட்டி ஒங்க பேச்சை மீறவா போவுது?"

என் எழுத்தே எனக்கு

மீறவில்லை. அதுதான் வில்லங்கம். கூட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கும். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். மனுவை நான் வாசித்து முடித்ததும் மிஸ் லிம் கோப்பைத் திறந்து, நான் எழுதியதையே எனக்கு வாசித்துக் காட்டினார். "விலகி நிற்கும் கழிவறைகள்... பிரிக்க முடியாத அடையாளம்... எக்காலத்திலும்." அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த வாக்கியத்தின் மேல் அந்தப் பெண்ணுக்கு நிஜமான மரியாதை! பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக்கூடக் காட்டினாராம். "கறுத்த செங்கல் அடுப்படி, அசல், மிக அரிது" என்றும் நானே எழுதியிருக்கிறேன். அந்தச் சுவரை எப்படி இடிப்பது?

நான் கத்தினேன். ஒரு மனிதர் கால் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், நாம் செங்கல்லைப் பற்றிப் பேசுகிறோமே என்றேன். மிஸ் லிம் கண் கலங்கி, முப்பது அடிக்கும் கைப்பிடிக் கம்பி போடலாம், மேலே தகரம் போடலாம் என்று மாற்று யோசனைகளை வரைந்து காட்டினார். கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் தேவை, கக்கத்துக் கட்டையைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே மனுப் போடுவது என்று கேட்டேன். சரி, நான் எழுதியது தப்பு, அடித்துவிடுங்கள் என்றேன். துவான் ஹாஷிம் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வோம் என்று தேதி குறித்தார், பிறகு என் பக்கம் குனிந்து வருத்தத்தோடு சொன்னார்: "புவான், தப்பு என்று நிரூபிக்க ஏதாவது வேண்டுமே. இவ்வளவு உறுதியாக எழுதப்பட்ட ஒன்றை நான் என் உத்தியோக காலத்தில் பார்த்ததில்லை."

கட்டினவரைக் கேளுங்கள்

போன அன்று பனி இறங்கி எதிரே நிற்பவர் தெரியவில்லை. விடுமுறை முடிய ஐந்து நாள் இருந்தது. அஞ்சலை அக்கா வீட்டு அடுப்படிக்குள் நாங்கள் மூவரும் நெருக்கியடித்து நின்றோம். முந்தின ராத்திரி ஜெபமாலை உருட்டியதில் எனக்குத் தூக்கமில்லை. மிஸ் லிம் கறுத்த சுவரில் உள்ளங்கையை வைத்தார். "பாருங்கள், சுவர் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. பள்ளத்தாக்குக் காற்றைத் தாங்க இப்படிக் கட்டியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இதைக் கட்டினவர் மனதில் என்னதான் இருந்திருக்கும்!" என்றார்.

அக்கா என்னிடம், அந்தப் பொண்ணு என்ன சொல்லுது என்று கேட்டார். சொன்னேன். "நூறு வருசமா? இது கமலா தவழ்ந்துக்கிட்டிருந்தப்ப கட்டினது மா. அதுக்கு முன்னாடி இங்க ஏது அடுப்படி, முன்னாலதான் மூணு கல்லு வச்சுப் பொங்குனோம். கட்டினவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு அவரையே கேளுங்களேன், போன் போடட்டா?" நான் அக்காவை முறைத்தேன். "இதை ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?" "நீங்க எங்க மா கேட்டீங்க? எழுதிக்கிட்டேல்ல இருந்தீங்க."

போனில் முனியாண்டி அண்ணன் முகம் வந்தது, முக்கால்வாசி நெற்றிதான் தெரிந்தது. முதல் கேள்வி, "அங்க மழையா?" துவானும் மிஸ் லிம்மும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, நான் மாற்றி மாற்றி மொழிபெயர்த்தேன். செங்கல் ஏன் இவ்வளவு கறுப்பு? தொழிற்சாலையில் பழைய சூளையை இடித்தபோது துரை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். சுவராகும் முன்பே அது கறுத்த கல். அப்படியானால் கக்கூஸ்? அதுவும் அதற்கப்புறம் வந்ததுதான், அதற்கு முன்னால் தேயிலைக்குள் ஒதுங்கியதுதான் என்றார். அசலைத்தான் காப்பாற்றுவது என்றால் நாங்கள் தேயிலைப் புதரைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும் போலிருந்தது. கடைசியாக மிஸ் லிம், அந்தச் சாய்வு மட்டும் காற்றுக்காகத்தானே என்று கேட்கச் சொன்னார். விட மனசில்லை அவருக்கு. அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "காத்துமில்ல, ஒண்ணுமில்ல மா. அன்னைக்கு ஞாயித்துக்கிழம. சம்சு குடிச்சது கொஞ்சம் கூடிப்போச்சு. தூக்குக்குண்டு ஆடுச்சா, நான் ஆடினேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

நேராகக் கட்டத் தெரிந்தவர்

அன்றைக்கே, அந்த அடுப்படியிலேயே, அஞ்சலை அக்காவின் காய் நறுக்கும் பலகையில் வைத்துத் துவான் ஹாஷிம் அனுமதி எழுதினார். பிற்காலத்தில் ஒட்டியது, ஆகவே மாற்றலாம். பட்டியலில் நான் எழுதிய பக்கத்தில் ஒரு கோடு போட்டு, என்னைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஆனால் குழு என்றால் நிபந்தனை இல்லாமல் எதையும் கொடுக்குமா? மிஸ் லிம் ஒரே ஒரு வரி சேர்த்தார்: புதுச் சுவரும் இடித்த கல்லிலேயே, பழைய சுவரின் சாய்வு மாறாமல் கட்டப்பட வேண்டும். சம்சுவோ எதுவோ, அந்தச் சாய்வில் ஒரு மனிதனின் கை இருக்கிறது என்றார். எனக்கு வாதாடத் தெம்பில்லை. ஐந்து நாள்தான் இருந்தது.

கொத்தனார் பாலனை நான்தான் பிடித்து வந்தேன். முப்பது வருஷமாக இந்த மலையில் பாதிச் சுவர் அவர் கட்டியது. அனுமதித் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். உளி, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கெஞ்சி, இரண்டு தட்டு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்து அவரை உட்கார வைத்தேன். கடைசியில் மிகுந்த மனவேதனையோடு ஒத்துக்கொண்டார்: "கட்டித் தர்றேன் கா. ஆனா யாரு கட்டினதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க, எனக்கும் ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்க இருக்கு."

வீடு வந்தவர்

விடுமுறை முடிய ஒரு நாள் இருக்கும்போது கமலாவின் காடி மலை ஏறி வந்தது. லயமே வெளியே நின்றது. மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் தாங்கிப் பிடிக்க, முனியாண்டி அண்ணன் கக்கத்துக் கட்டையை ஊன்றி இறங்கினார். இறங்கியதும் உள்ளே போகவில்லை. அப்படியே நின்று, எதிரே தேயிலை ஏறிப் போகும் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அஞ்சலை அக்காதான், "போதும், மலை எங்கயும் ஓடிடாது, பனி புடிக்குது உள்ள வாங்க" என்று அதட்டினார். அதட்டிவிட்டுத் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

கமலா அதிகாரி மாதிரி உள்ளே போய்ப் புதுக் கக்கூஸைச் சோதித்தாள்: கைப்பிடி, வழுக்காத தரை, உட்காரும் உயரம், விளக்கு. தலையை ஆட்டினாள். பிறகு அண்ணன் மெல்லக் கட்டையை ஊன்றி ஊன்றி, அடுப்படியிலிருந்து ஆறே எட்டில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் எல்லாரும் வெளியே நின்றோம். ஒரு மனிதர் கக்கூஸ் போவதற்குப் பதினைந்து பேர் வாசலில் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள். கதவு திறந்தது. அண்ணன் முகத்தில் அத்தனை நிறைவு. ஆனால் பார்வை மட்டும் பின்சுவரில் ஏறி இறங்கியது, ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, அடுத்தவர் காதில் விழாமல் கேட்டார்: "எல்லாம் நல்லாருக்கு மா, ஆனா இந்தச் செவரக் கட்டினவன் என்ன குடிச்சிட்டு வந்தான்?"

இரண்டு வருஷம் எதையும் இடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததில் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியது, இடியுங்கள் என்று கையெழுத்துப் போட்ட அந்த ஒரு தடவைதான்.